அடிக்காதே என்றால் குடும்பம் உடைந்துவிடுமா?

சென்ற மாத இதழில் குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பற்றி மூத்த வழக்கறிஞர் ஒருவர் நான்கு பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறார். அதன் முதல் மூன்று பக்கங்களில், மாஜிஸ்திரேட் போடும் பாதுகாப்பு உத்தரவு ஆண்களின் கழுத்துக்குக் குறிவைத்த கத்தி. நான்காம் பக்கத்தில் அதே உத்தரவு வெற்றுக் காகிதம். ஓங்கிய கையை அது எப்படித் தடுக்கும் என்று கேட்கிறார். கத்தியா காகிதமா என்று முடிவுசெய்துகொண்டு எழுத உட்கார்ந்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். இரண்டையும் சொல்லிவிட்டதால் இரண்டுக்கும் பதில் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. நான்கு பக்கமும் இந்த உத்தரவைத் திட்டித் தீர்த்தவர், அதில் என்னதான் எழுதியிருக்கும் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. வாசகர்களுக்காக நான் சொல்கிறேன். சட்டம் 2005இல் வந்தது; 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 18ஆவது பிரிவுப்படி எதிர்மனுதாரரிடம் மாஜிஸ்திரேட் சொல்லக்கூடியவை இவை: அவளை அடிக்காதே, வதைக்காதே. அடிப்பவனுக்குத் துணைபோகாதே. அவள் வேலை செய்யும் இடத்துக்குள் போகாதே; பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் அது படிக்கும் பள்ளிக்கூடத்துக்குள் போகாதே. நேரிலோ போனிலோ கடிதத்திலோ அவளைத் தொடர்புகொள்ளாதே. அவள் சீதனத்தையும் வீட்டுச் சொத்தையும் விற்காதே, வங்கிக் கணக்கையும் லாக்கரையும் நீதிமன்றத்தைக் கேட்காமல் தொடாதே. அவளுக்கு ஆதரவாக நின்ற அம்மாமீதும் அண்ணன்மீதும் பக்கத்து வீட்டு அக்காமீதும் கைவைக்காதே.

இதில் எந்த வரி ஆணின் உரிமையைப் பறிக்கிறது? உத்தரவு வருவதற்கு முந்தின நாள்வரை மனைவியை அடிக்க இவருடைய கட்சிக்காரருக்கு லைசென்ஸ் இருந்ததா? மாமனாரின் பல்லை உடைக்க அனுமதி இருந்ததா? போன் செய்யாதே, கணக்கைத் தொடாதே என்ற இரண்டை வேண்டுமானால் கட்டுப்பாடு என்று சொல்லலாம். அவையும் எல்லா உத்தரவிலும் வருவதில்லை. அப்படியொரு தேவை இருப்பதாக மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றினால்தான் வரும். மற்றதெல்லாம் ஒரு மனிதன் சும்மாவே செய்யக் கூடாதவை. அடிக்கும் எண்ணம் இல்லாதவனுக்கு 'அடிக்காதே' என்ற உத்தரவால் ஒரு நஷ்டமும் கிடையாது. இழப்பு இருக்கிறது என்று ஒருவர் நான்கு பக்கத்துக்கு அழுதால், எதை இழந்ததாக அழுகிறார் என்று கேட்கத்தான் செய்வோம்.

கட்டுரையாளரின் முதல் வாதம், இந்தச் சட்டம் குடும்பத்தை உடைக்கிறது என்பது. உண்மையில் இது வருவதற்கு முன்புதான் அடிபட்ட பெண்ணுக்கு உடைப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் இருந்தது. 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகள். அது குற்ற வழக்கு. போட்டால் கணவன் கம்பி எண்ணலாம். அது வேண்டாம் என்றால் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து. ஜெயில் அல்லது தாலியைக் கழற்றுவது, இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை. எங்களைப் போன்றவர்களிடம் வரும் பெண்கள் உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: "அவரு ஜெயிலுக்கெல்லாம் போக வேணாங்கம்மா, அடிக்காம இருந்தாப் போதும்." அந்த வாக்கியத்துக்கு ஏற்ற சட்டம் 2006வரை இந்த நாட்டில் இல்லை. அதற்கென்றே வந்தது இந்தச் சட்டம். மனுப் போட்டதற்காக யாரும் கைதாவதில்லை. மனு உரிமையியல் தன்மை கொண்டது என்பதை 2021 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றமும் விளக்கிச் சொன்னது. வழக்கறிஞர் ஆஜரானால் எதிர்மனுதாரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வந்து நிற்க வேண்டும் என்று வழக்கமாக வற்புறுத்தக் கூடாது என்றும் சொன்னது. உத்தரவை மீறினால் மட்டும் 31ஆவது பிரிவு வரும். ஓராண்டுவரை சிறை, அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கவலைப்படுகிறவர் இந்தச் சட்டத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டும். அவரோ இதையும் 498ஏவையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'பெண்கள் சட்டம்' என்று பெயர் எழுதி ஓரமாக வைத்துவிட்டார்.

பொய்வழக்கு என்ற வாதம் அந்த மூட்டையிலிருந்துதான் வருகிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் 498ஏ கைதுகளைப் பற்றிச் சொன்னதை எடுத்துப்போடுகிறார். அந்தத் தீர்ப்பில் வரும் 2012ஆம் ஆண்டுக் கணக்கையும் போடுகிறார்: 93.6 சதவீத வழக்குகளில் குற்றப்பத்திரிகை, தண்டனையோ 15 சதவீதம்தான். ஆகவே மீதி 85 பேர் பொய் சொன்னவர்கள். கணக்கு முடிந்தது.

தீர்ப்பும் கணக்கும் உண்மை. அவை குற்ற வழக்கையும் கைதையும் பற்றியவை, பாதுகாப்பு உத்தரவைப் பற்றியவை அல்ல என்பதையும் விட்டுவிடுவோம். இந்த 15 சதவீதம் எப்படி வருகிறது என்று குற்ற வழக்கு நடத்திய எந்த ஜூனியரைக் கேட்டாலும் சொல்வார். 498ஏ சமரசம் செய்து முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம் அல்ல. வெளியே பெரியவர்கள் பேசி முடித்துவிடுவார்கள். நகையைத் திருப்பித் தருவார்கள், இல்லை சேர்ந்து வாழ அனுப்புவார்கள். ஆனால் கோர்ட்டில் வழக்கு உயிரோடு இருக்கும். ஒன்று உயர்நீதிமன்றத்துக்குப் போய் அதை ரத்துசெய்ய வேண்டும், அதற்குச் செலவு. இல்லையென்றால் சாட்சிக் கூண்டில் ஏறி, "அப்படி எதுவும் நடக்கவில்லை, போலீஸார் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள்" என்று மனைவி சொல்ல வேண்டும். சொல்லிக்கொடுப்பதும் வழக்கறிஞர்தான். அவள் பிறழ்சாட்சியாவாள், அவன் விடுதலையாவான். கட்டுரையாளர் மூன்றாம் பக்கத்தில் போற்றிப் பாடும் பெரியவர்களின் சமரசம் இரண்டாம் பக்கத்தில் பொய்வழக்குக் கணக்கில் ஏறுவது இப்படித்தான். எல்லா விடுதலையும் இந்த வகை என்று நான் சொல்லவில்லை. பொய்யாகப் போட்ட வழக்கும் உண்டு, சம்பந்தமே இல்லாத நாத்தனாரை இழுத்துவிட்ட வழக்கும் உண்டு. ஆனால் விடுதலை என்றாலே புகார் பொய் என்று ஒரு வழக்கறிஞர் எழுதக் கூடாது. சொத்து வழக்கில் தோற்ற தன் கட்சிக்காரர்களை எல்லாம் பொய்யர்கள் என்று அவர் எழுதுவாரா?

எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் இதையும் பார்க்கட்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் உள்ள, மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரிடம் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்தவர்கள். நாட்டளவில் இது 29 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நாம் சராசரிக்கு மேலே. அதே ஆய்வில், நாட்டளவில், வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 சதவீதம் பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். உதவி என்றால் கோர்ட் என்று நினைத்துவிட வேண்டாம், அவர்கள் முதலில் போவது பிறந்த வீட்டுக்கு. 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் வாய்திறந்து சொல்லவும் இல்லை. எதற்கெடுத்தாலும் கோர்ட்டுக்கு ஓடுகிறார்கள் என்று அவர் சலித்துக்கொள்ளும் பெண்கள் இவர்கள்தான்.

அடுத்து, எதிர்த்தரப்பைக் கேட்காமலே உத்தரவு போடுகிறார்கள் என்ற வாதம். 23ஆவது பிரிவைச் சொல்கிறார். பெண் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தை வைத்தே, அவசரம் என்று தெரிந்தால், மாஜிஸ்திரேட் ஒருதலைப்பட்சமாக இடைக்கால உத்தரவு போடலாம். இதை இயற்கை நீதிக்கு விழுந்த அடி என்கிறார்.

இவர் சிவில் வழக்கறிஞர். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 39ஆவது கட்டளை இவருக்குக் கைவந்த கலையாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் இரவோடு இரவாக காம்பவுண்டுச் சுவரை இடிக்கப் போகிறான் என்று மனுவும் பிரமாணப் பத்திரமும் போட்டு, அவனுக்கு நோட்டீஸ் போகும் முன்பே இடைக்காலத் தடை வாங்குவது எல்லா முன்சீப் கோர்ட்டிலும் நடக்கிற காரியம். நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் சுவர் போய்விடும், பிறகு தடை கேட்டு என்ன பயன் என்பதுதான் அங்கே வாதம். நியாயமான வாதம். அதே நியாயத்தை ஒரு பெண்ணின் விலா எலும்புக்கும் கொடுத்தால் மட்டும் இயற்கை நீதி எங்கிருந்து வந்து குறுக்கே நிற்கிறது? சுவரையாவது திரும்பக் கட்டலாம். தவிர, இடைக்கால உத்தரவு வந்த பிறகு எதிர்மனுதாரர் ஊமையாகிவிடுவதில்லை. எதிருரை போடலாம், சூழ்நிலை மாறிவிட்டது என்று காட்டி உத்தரவைத் திருத்தவோ நீக்கவோ 25ஆவது பிரிவில் கேட்கலாம், 29ஆவது பிரிவில் 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம். இத்தனை கதவும் திறந்திருப்பதை வாசகருக்குச் சொல்ல நான்கு பக்கத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வருவோம். உண்மையான கோபம் இங்கேதான் இருக்கிறது என்பது என் சந்தேகம். அடிக்காதே என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். வெளியே போ என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. 19ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. பெண்ணை வீட்டிலிருந்து விரட்டக் கூடாது என்று உத்தரவிடலாம். தேவைப்பட்டால் எதிர்மனுதாரரையே அந்த வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லலாம். அல்லது அவளுக்கு அதே தரத்தில் வேறு வீடு பார்த்து வாடகை கட்டச் சொல்லலாம். வயதான மாமியாரை நடுத்தெருவில் நிறுத்தும் சட்டம் என்று கட்டுரையாளர் கொதிப்பது இதைப் படித்துத்தான்.

அதே பிரிவில், வெளியேற்றும் அந்த உட்பிரிவுக்கு ஒரு வரம்புரை இருக்கிறது: அப்படி வெளியேற்றும் உத்தரவை எந்தப் பெண்ணுக்கும் எதிராகப் போடக் கூடாது. ஆகவே இந்த உட்பிரிவின்கீழ் மாமியாரை வெளியேற்ற முடியாது, நாத்தனாரை வெளியேற்ற முடியாது. இத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவர் அந்த வரியைப் படிக்காமல் எழுதியிருக்க மாட்டார். படித்துவிட்டு எழுதினார் என்றால் அது வேறு விஷயம்.

நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாமனார் மாமியார் பெயரில் மனுப் போட்டு மருமகளைக் காலிசெய்ய வைப்பது ஒரு உத்தியாகவே ஆகிவிட்டது. மகன் முந்தின மாதமே வேறு வீட்டுக்குப் போயிருப்பான். 2020 டிசம்பரில், பெங்களூரு வழக்கு ஒன்றில், மூத்த குடிமக்கள் சட்டத்தின் சுருக்க நடைமுறையை வைத்துப் பெண்ணின் குடியிருப்பு உரிமையைக் காலிசெய்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால், அக்டோபர் 15 அன்று, இன்னொரு பெரிய முடிச்சும் அவிழ்ந்தது. வீடு கணவன் பெயரில் இல்லாமல் மாமியார் பெயரில் இருந்தால் அது பகிர்ந்து வாழும் வீடே அல்ல என்று 2006 டிசம்பரில், சட்டம் நடைமுறைக்கு வந்த இரண்டே மாதத்தில், ஒரு தீர்ப்பு வந்திருந்தது. நம் ஊரில் எத்தனை மகன்கள் பெயரில் வீட்டுப் பத்திரம் இருக்கிறது? அப்பா பெயரில், இல்லை அம்மா பெயரில்தான் இருக்கும். ஏறக்குறைய 14 ஆண்டுகள் அந்தத் தீர்ப்பைக் காட்டியே பெண்களை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அது தவறு என்று 2020இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. அப்போதும் மூத்தவர்களின் நிம்மதியையும் சேர்த்து எடைபோட்டுத்தான் உத்தரவு போட வேண்டும் என்று எழுதியது. கட்டுரையாளர் கேட்கும் சமநிலை அங்கேயே இருக்கிறது.

சென்னை உயர்நீதிமன்றத்தில் 2022 ஆகஸ்டில் நடந்ததையும் அவர் படித்திருக்கலாம். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, கணவன் மனைவி பிள்ளைகள் எல்லாரும் ஒரே வீட்டில். வீட்டிலேயே இரு, ஆனால் அமைதியைக் கெடுக்காதே என்று கீழ் நீதிமன்றம் கணவனுக்கு உத்தரவு போட்டிருந்தது. இது நடக்கிற காரியமா என்றார் நீதிபதி ஆர்.என். மஞ்சுளா. வீட்டில் அமைதி வர கணவனை வெளியேற்றுவது ஒன்றுதான் வழி என்றால், அவருக்குத் தங்க வேறு இடம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் நீதிமன்றம் அதைச் செய்ய வேண்டும் என்று சொல்லி, இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார். போகாவிட்டால் போலீஸ் உதவியோடு வெளியேற்றவும் சொன்னார்.

அவளே போய்விட்டால் என்ன, அம்மா வீடு இல்லையா என்று கேட்கிறார் கட்டுரையாளர். கேட்கச் சுலபம். அவள் போனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகும், ரேஷன் கார்டு முகவரி போகும், மகளிர் குழுக் கடன் நிற்கும், காலையில் வீட்டுவேலைக்குப் போகும் நாலு வீடும் போகும். அம்மா வீட்டில் ஏற்கெனவே அண்ணியும் இரண்டு பிள்ளைகளும். அடித்தவன் போனால் ஒரு பையில் நாலு சட்டையும் சார்ஜரும் போகும். அடிபட்டவள்தான் வீட்டைவிட்டு ஓட வேண்டும் என்பது இவருக்கு இயல்பாகத் தோன்றுகிறது, அடித்தவன் வெளியே போவது அராஜகமாகத் தோன்றுகிறது. இதற்குப் பிறகு நடுநிலை என்று வேறு சொல்லிக்கொள்கிறார்.

ஆண்களுக்கு மட்டும் பாதுகாப்பு இல்லையா என்ற கேள்வியை நீட்டி முழக்கியிருக்கிறார், அதற்குச் சுருக்கமாகப் பதில். அடிபட்ட ஆணுக்குக் குற்றவியல் சட்டத்தில் எல்லாப் பிரிவும் திறந்திருக்கிறது. சிவில் கோர்ட்டில் தடையாணையும் இருக்கிறது. அதோடு, இந்தச் சட்டம் மனைவி கணவன்மீது போடுவது மட்டும் என்ற எண்ணமே தவறு. அம்மா மகன்மீது போடலாம், தங்கை அண்ணன்மீது போடலாம். வயதுவந்த ஆண்மீது மட்டும்தான் போடலாம் என்றிருந்த வாசகத்தை 2016இல் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டதால் மாமியார் மருமகள்மீதும் போடலாம். டாஸ்மாக்கிலிருந்து நேராக வந்து முதியோர் பென்ஷன் பணத்துக்காகத் தாயின் கையை முறுக்கும் மகன்களை அவர் பார்த்ததில்லையா? எந்த மாமியாரின் பெயரால் இந்தச் சட்டத்தை எதிர்க்கிறாரோ, அந்த மாமியாரே இதில் மனுதாரராக வந்து நிற்கிறார்.

இப்போது நான்காம் பக்கத்துக் காகிதம். ஒரு காகிதம் என்ன செய்துவிடும்?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்த்த பெண்ணின் வழக்கு எனக்குத் தெரியும். அவரை அடையாளம் காட்டக்கூடியது எதையும் எழுதப்போவதில்லை. பிரிந்து தனியாக இருந்தார். வீட்டுக்கு வந்து அடிப்பதை நிறுத்திய கணவர் சனிக்கிழமைச் சாயங்காலம் கம்பெனி கேட்டுக்கு வர ஆரம்பித்தார். சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். ஷிப்ட் விட்டு எல்லாரும் வெளியே வரும்போது, கூட்டத்துக்கு நடுவில், கவரைப் பிடுங்குவார். கொடுக்காவிட்டால் முடியைப் பிடிப்பார். செக்யூரிட்டி பார்த்துக்கொண்டு நிற்பார், ஏனென்றால் புருஷன் பொண்டாட்டி விவகாரம். ஒருமுறை மணிக்கட்டு பிசகி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதட்டும் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். கணவர் பக்கத்தில் நிற்கிறார். "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்" என்று எழுதச் சொல்லிவிட்டு வந்தார். இரண்டாவது முறை தனியாகப் போனார். "தெரிந்த நபர் கையால் தாக்கியதாக" என்று பதிவானது. அந்த விபத்துப் பதிவேட்டின் காப்பிதான் மனுவோடு போனது.

கிடைத்த இடைக்கால உத்தரவில் கம்பெனி இருக்கும் தெருவும் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பெண் அதை மூன்று நகல் எடுத்தார். ஒன்று கம்பெனி ஹெச்.ஆரிடம், ஒன்று ஸ்டேஷனில், ஒன்று லேமினேட் செய்து டிபன் பையில். அடுத்த சனிக்கிழமை கணவர் வந்தார். செக்யூரிட்டி இந்த முறை போன் செய்தார், போலீஸும் வந்தது. முந்தின வாரம்வரை இதே ஸ்டேஷன் குடும்ப விஷயம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. உத்தரவு வந்த பிறகு அந்தத் தெருவில் அவர் நிற்பதே குற்றம், அதுவும் வாரண்டு இல்லாமல் கைதுசெய்யத்தக்க, ஜாமீனில் விட முடியாத குற்றம். 32ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. மீறினார் என்பதற்கு அந்தப் பெண்ணின் சாட்சியம் ஒன்றே போதும் என்று நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. காகிதம் அவருடைய கையைப் பிடிக்கவில்லைதான். சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு அதன் பிறகு வேடிக்கை பார்க்கக் காரணம் இல்லாமல் போனது.

எல்லா உத்தரவும் இப்படி வேலை செய்கிறது என்று சொன்னால் அது பொய். மனுப் போட்டால் முதல் வாய்தா சாதாரணமாக மூன்று நாளுக்குள் என்கிறது சட்டம். முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது. எந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இது நடக்கிறது? எதிர்மனுதாரர் நோட்டீஸ் வாங்காமல் ஊர் மாறுவார், வக்காலத்துக்கு ஒரு வாய்தா, எதிருரைக்கு மூன்று வாய்தா, மாஜிஸ்திரேட் மாறுதல், கோர்ட் புறக்கணிப்பு. ஆண்டுக்கணக்கில் இழுக்கும் மனுக்களை நானே நடத்துகிறேன். நோட்டீஸ் சேர்ப்பதும் வீட்டுச் சம்பவ அறிக்கை தயாரிப்பதும் பாதுகாப்பு அலுவலரின் வேலை. ஒரு மாவட்டம் முழுவதையும் ஒருவர் தலையில் கட்டினால் அவர் எந்த வீட்டுக்குத்தான் போவார்? பெண்கள், குழந்தைகள் நலத் துறையின் அதிகாரிகளைப் பாதுகாப்பு அலுவலர்களாக அடையாளம்கண்டு நியமியுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் ஆறு வாரக் கெடு விதித்தது 2025 மே மாதத்தில். சட்டம் வந்து ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து. உத்தரவு காகிதமாகவே கிடக்கிறது என்றால் காரணம் இதெல்லாம். தாமதத்தைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு பத்தி எழுதியிருந்தால் நானும் அவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டிருப்பேன். அவரோ உத்தரவையே எடுத்துவிடலாம் என்கிறார்.

எடுத்துவிட்டு என்ன வைப்பது? பெரியவர்கள் பேச்சுவார்த்தை, இல்லையென்றால் மகளிர் காவல் நிலையம். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்ததிலிருந்து தமிழ்நாட்டுக்கு இந்தக் காட்சி பழக்கம். புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது போட்டு இருவரையும் கூப்பிடுவார்கள். வெளியே மரத்தடியில் இரண்டு தரப்புச் சொந்தங்களும் நிற்கும். உள்ளே முதல் கேள்வி அவனிடம்: "ஏம்ப்பா அடிச்ச?" இரண்டாவது கேள்வி அவளிடம்: "அவர் அடிக்கிற மாதிரி நீ என்ன பேசின?" ஒரு மணி நேரம் கழித்து வெள்ளைத்தாள் வரும். இனிமேல் எந்தப் பிரச்சினையும் செய்ய மாட்டேன், மனைவியை நல்லபடியாக வைத்துக்கொள்வேன் என்று அவன் எழுதுவான். கீழே அவள் கையெழுத்து, சாட்சிக்கு இரண்டு பேர். எழுதி வாங்கி அனுப்பியாயிற்று. அந்தத் தாளை மீறினால் என்ன தண்டனை? ஒன்றுமில்லை. மறுபடி வந்தால் மறுபடி ஒரு தாள். கோர்ட் முத்திரையும், மீறினால் ஓராண்டுச் சிறையும் உள்ள தாளைக் காகிதம் என்று தள்ளியவர், இந்த வெள்ளைத்தாளைத் தீர்வு என்கிறார்.

கடைசியாக ஒரு திருத்தமும் முன்மொழிந்திருக்கிறார். மனு வந்ததும் எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ். பிறகு 30 நாள் கட்டாயக் கவுன்சலிங். குடும்பப் பெரியவர்கள் அடங்கிய குழுவின் அறிக்கை வரும்வரை எந்த உத்தரவும் கூடாது. கவுன்சலிங் 14ஆவது பிரிவில் ஏற்கெனவே இருக்கிறது, எந்தக் கட்டத்திலும் அனுப்பலாம். குழு யோசனையும் புதிதல்ல. 498ஏ புகார்களை விசாரிக்க மாவட்டம்தோறும் குடும்பநலக் குழுக்கள் என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒரு அமர்வு சொல்லிப் பார்த்தது. சட்டத்தில் இல்லாத அந்தக் குழுக்களை அடுத்த ஆண்டே அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு எடுத்துவிட்டது.

மிச்சம் இருப்பது அந்த நோட்டீஸும் 30 நாளும். மனுப் போடும் பெண்களில் பலர் இன்னமும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். போக இடம் இல்லாததால்தான் மனுவே போடுகிறார்கள். கோர்ட் நோட்டீஸ் வந்து அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டும். கணவன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வருவான், சமையல்கட்டில் அவள் இருப்பாள். எந்த உத்தரவும் கையில் இல்லாமல் அவள் அந்த 30 ராத்திரியை எந்த அறையில், யாருக்குப் பக்கத்தில் கழிக்க வேண்டும் என்பதைக் கட்டுரையாளர் எழுதவில்லை. அடுத்த இதழில் எழுதட்டும்.